டிராக்ஸ் ஹால் யாருடைய சொத்து?

பார்படோஸ், ஏறக்குறைய சென்னை மாநகராட்சியின் பரப்பளவே உள்ள கரீபியத் தீவு. அதன் நடுப்பகுதியில், செயின்ட் ஜார்ஜ் வட்டாரத்தில், 1650களில் கட்டப்பட்ட ஒரு மாளிகை இன்னும் நிற்கிறது. பெயர் டிராக்ஸ் ஹால். செங்குத்தாக ஏறும் முக்கோணக் கூரைகளும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரப் படிக்கட்டும் அதன் அடையாளங்கள். இந்தப் பழைய ஆங்கிலேயப் பாணியில் அமெரிக்கக் கண்டங்களில் எஞ்சியுள்ள மிகச் சில வீடுகளில் இதுவும் ஒன்று. கட்டடக் கலை ஆய்வாளர்கள் போற்ற அது போதும். பார்படோஸ் மக்களை இந்த வீடு உறுத்துவதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 370 ஆண்டுகளாக, கட்டிய குடும்பத்தின் வசமே இது இருந்துவருகிறது.

1627இல் தீவில் இறங்கிய முதல் ஆங்கிலேயக் குடியேறிகளில் ஒருவர் ஜேம்ஸ் டிராக்ஸ். தொடக்கத்தில் போட்ட புகையிலையும் பருத்தியும் பெரிய லாபம் தரவில்லை. பிரேசிலின் பெர்னாம்புகோ பகுதி அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து வந்த நுட்பத்தைக் கொண்டு 1640களில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை காய்ச்சியவர்களில் டிராக்ஸ் முன்னோடி. சில பத்தாண்டுகளில் தீவின் காடு ஏறக்குறைய முழுதும் அழிந்து கரும்பு வயலானது.

கரும்பு காத்திருக்காது. வெட்டியதும் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் வெட்டும் பருவத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. உருளைகளுக்கு நடுவே கரும்பைத் தள்ளுபவர் அசதியில் கண்ணயர்ந்தால் கை உள்ளே போய்விடும். உடலும் சேர்ந்து போவதற்குள் கையை வெட்டி எடுக்க, பக்கத்திலேயே கோடரி வைத்திருந்த வழக்கம் கரீபிய ஆலைகளைப் பற்றிய குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. அடுத்த கூடத்தில் கொப்பரைகள் வரிசையாகக் கொதித்தன. பாகைக் கொப்பரை விட்டுக் கொப்பரை மாற்றி ஊற்றியவர்கள் வெந்து செத்ததும் உண்டு.

இந்த வேலையைச் செய்ய முதலில் பிரிட்டன், அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். பிறகு, கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1661இல் பார்படோஸ் சட்டமன்றம் இயற்றிய அடிமைச் சட்டம் அவர்களை உடைமை என்று ஆக்கியது. பிற ஆங்கிலேயக் காலனிகளும் அதைப் பார்த்தே தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன.

ஜேம்ஸின் மகன் ஹென்றி டிராக்ஸ் 1670களின் இறுதியில் தோட்ட மேலாளருக்கு விரிவான வழிகாட்டி எழுதி வைத்தார். உரம், உணவு, வேலைப் பங்கீடு என எல்லாம் அதில் உண்டு. ஆள் எண்ணிக்கை குறையாமல் இருக்க ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து பேரைப் புதிதாக வாங்கிச் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரையும் உண்டு. சாவு அங்கே விபத்தல்ல, செலவுக் கணக்கில் முன்கூட்டியே சேர்ந்திருந்த ஒரு தொகை. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் இருந்த டிராக்ஸ் தோட்டங்களில் 200 ஆண்டுகளில் 30,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் ஹிலரி பெக்கிள்ஸின் மதிப்பீடு. அந்த மாளிகையின் அழகைப் பேசும்போது இந்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் பேச என்னால் முடியாது.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றி, 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. இழப்பீடு கிடைத்தது உடைமையாளர்களுக்கு. அன்றைய டிராக்ஸ் குடும்பத் தலைவர் 189 பேருக்காக 4,293 பவுண்டு பெற்றார். அந்த 189 பேருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அடைபட்டது 2015இல்தான்.

விடுதலை பெற்றவர்கள் எங்கே போவது? டிரினிடாடிலும் கயானாவிலும் காலி நிலம் இருந்தது. அங்கே பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் தமிழர்கள் உட்பட இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பார்படோஸிலோ ஏறக்குறைய ஒவ்வோர் ஏக்கரும் தோட்டத்துக்குச் சொந்தம். எனவே அங்கே விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் நிலத்திலேயே குடியிருந்து, அவருக்கே கூலி வேலை செய்ய வேண்டியதாயிற்று. வேலையை விட்டால் குடியிருப்பும் போகும். அதனால் அவர்கள் அடுக்கிய கற்களின் மேல் பலகை வீடு கட்டினார்கள். போகச் சொன்னால் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். டிராக்ஸ் ஹாலின் கற்சுவர் நகரவேயில்லை. அதை நிற்கவைத்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் வீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் அந்த வண்ணப் பலகை வீடுகளைப் படம் பிடித்துப் போகிறார்கள்.

மாளிகையும் அதைச் சுற்றிய 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் 2017இல் ரிச்சர்ட் டிராக்ஸுக்கு வாரிசுரிமையாக வந்தன. 2024 வரை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். முன்னோர் செய்தது வருந்தத்தக்கது, ஆனால் நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்று யாரும் பொறுப்பாக முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 2021இல் குடியரசான பார்படோஸில், மாளிகையை நினைவு அருங்காட்சியகமாக்க வேண்டும், நிலம் மக்களுக்கு வர வேண்டும் என்ற குரல் வலுத்தது. இந்த நிலையில், வீட்டு வசதித் திட்டத்துக்காக 53 ஏக்கரைச் சுமார் 30 லட்சம் பவுண்டுக்கு அரசே விலைக்கு வாங்கப் போவதாக 2024இல் செய்தி வந்தது. அதே குடும்பத்துக்கு இன்னொரு முறை பணமா என்று மக்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் பிரதமர் மியா மாட்லி அந்தக் கொள்முதலை நிறுத்தி வைத்தார்.

சந்தை விலை கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று சொல்பவர்கள் அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தையே புரட்டிப் பார்க்கலாம். 1980இல் பார்படோஸ் ஒரு சட்டம் இயற்றியது. தோட்ட நிலத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்கள் தம் மனையைச் சதுர அடி 10 சென்ட் என்ற விலையில் வாங்கிக்கொள்ள அது உரிமை தந்தது. அன்று விலையை முடிவு செய்தது சந்தை அல்ல, நாடாளுமன்றம். பல பலகை வீடுகளுக்குக் கீழே முதன்முறையாக அடித்தளம் போட முடிந்ததும் அதன் பிறகுதான்.