பத்துச் சதக் குளிசையும் இரண்டரை டொலர்க் குளிசையும்

"கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, நல்லதாத் தாங்கோ." பரந்தன் சந்தியானாலும் கிளிநொச்சி நகரானாலும், பாமசிகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. மாவட்ட ஆசுப்பத்திரியில் இலவசமாகக் கிடைத்த குளிசையை வீட்டில் வைத்துவிட்டு, அதே மருந்தை வேறொரு கம்பனியின் பெயரில் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. "அது கேட்கேல்லை, இதுதான் கேட்டது" என்று அவர்கள் சொல்வதை நாம் வீண் எண்ணம் என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் ஒரு சந்தைப்படுத்தல் பேராசிரியரின் ஆய்வுகள் அதை அவ்வளவு இலகுவாகத் தள்ள விடுவதில்லை.

அவர் பெயர் பாபா ஷிவ். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவனத்திலும் படித்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் சந்தைப்படுத்தல் கற்பிக்கிறார். வாங்குபவரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதே அவருடைய ஆய்வுத்துறை.

விலைக்கும் ருசி உண்டு

2005இல் அவரும் சிவ் கார்மன், டான் ஆரியெலி ஆகியோரும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு சக்திப் பானம் கொடுத்துச் சொற்புதிர்களை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு சாரார் முழு விலை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு விலைக்கழிவு. பானம் ஒன்றுதான். கழிவு விலையில் குடித்தவர்கள் குறைவான புதிர்களையே அவிழ்த்தார்கள்.

2008 ஜனவரியில் அவர் பங்கேற்ற வைன் ஆய்வு வந்தது. 20 பேரை மூளையை ஸ்கேன் செய்யும் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியே வைனை ஊட்டினார்கள். ஐந்து விலைகளில் ஐந்து வைன் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் இருந்தவை மூன்றே. ஒரே வைனைப் 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டொலருக்கே ருசி கூட என்றார்கள். இன்பத்தை உணர்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னர் விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இன்னொன்று வெளியானது. 82 பேருக்குக் கையில் மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்து, புதிய வலிநிவாரணி என்று ஒரு குளிசையும் கொடுத்தார்கள். குளிசையில் மருந்தே இல்லை. விலை இரண்டரை டொலர் என்று கேட்டவர்களில் 85 வீதமானோருக்கு வலி குறைந்தது. பத்துச் சதமாகக் குறைத்திருக்கிறது என்று கேட்டவர்களில் 61 வீதமானோருக்கே குறைந்தது.

சிரிப்பும் சந்தேகமும்

வைன் ஆய்வு உலகப் பத்திரிகைகளில் ஓடியது. வைன் ரசிகர்களின் நாக்கைக் கேலி செய்யப் பலருக்கு அது வாய்ப்பாயிற்று. குளிசை ஆய்வுக்கு 2008ஆம் ஆண்டின் 'இக் நோபல்' மருத்துவப் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கு வழங்கப்படும் வேடிக்கைப் பரிசு அது. பலர் சிரிப்போடு நின்றுவிட்டார்கள்.

பிறகு சந்தேகம் வந்தது. கூட்டாளியான ஆரியெலி வேறு சிலரோடு 2012இல் எழுதிய, நேர்மை பற்றிய ஒரு கட்டுரையின் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து, 2021இல் அது மீளப் பெறப்பட்டது. அதில் ஷிவுக்குப் பங்கில்லை. ஆனாலும் இத்துறையின் சிறிய பரிசோதனைகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும். 20 பேரும் 82 பேரும் உலகம் ஆகிவிட மாட்டார்கள்.

நமக்கு என்ன?

மலிவான மருந்தின் மீதான நம்பிக்கையின்மை இலங்கைக்குப் பழைய பிரச்சினை. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானபோது, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் வாங்கினால் ஏழை நாடும் தாக்குப்பிடிக்கும் என்று காட்டினார். பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் எதிர்த்தன. அந்த வழியில் வந்ததே இன்றைய அரச மருந்தகமான ஒசுசல. 2016இல் அரசு 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் விதித்தது.

சட்டம் விலையைக் குறைக்கலாம். "மலிவு என்றால் கேட்காது" என்ற நினைப்பைக் குறைக்காது. ஷிவின் ஆய்வு தொடுவது அந்த இடத்தை. அதே நேரம் மக்களின் சந்தேகம் முழுக்க மனப்பிரமையும் அல்ல. 2023இல் தரங்குறைந்த இம்யூனோகுளோபுலின் மருந்து அரச ஆசுப்பத்திரிகள் வரை வந்தது. அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதானார். தரத்தைப் பார்க்க வேண்டியது பரிசோதனைக்கூடமும் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும். விலைச்சீட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நம்பிக்கை வலியைக் குறைக்கலாம். கிருமியைக் கொல்லாது, சீனி வருத்தத்தை மாற்றாது. அங்கே வேலை செய்வது குளிசைக்குள் இருக்கும் மருந்து.

ஆகவே வைத்தியர்களுக்கும் பாமசிக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: மலிவான குளிசையைக் கொடுக்கும்போது, "இதுவும் அதே மருந்துதான்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். வாங்குகிறவர்களும் கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசித்துப் பாருங்கள். இரண்டு பெட்டியிலும் பெயரும் அளவும் ஒன்றென்றால், வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டுவிட்டு விலை குறைந்ததை வாங்குங்கள்.