600-க்கு 390 மார்க்... அடுத்து எந்த காலேஜ்?

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு டி.வி-யில் ரெண்டே வகை ஆட்களைத்தான் பார்க்க முடியும். 595 எடுத்துட்டு அம்மா கையால் லட்டு சாப்பிடுறவங்க ஒரு வகை. 'மனம் தளராதீங்க' என்று ஆலோசகர்கள் தைரியம் சொல்ற, பாஸாகாதவங்க இன்னொரு வகை. நடுவில் 380, 390, 410 எடுத்தவங்களைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. அவங்களுக்கு வர்றதெல்லாம் போன் கால்தான். "சார், பையன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான்ல... நல்ல காலேஜா சீட் வாங்கித் தர்றோம்!"

நீங்க அந்த நடு பெஞ்ச் ஆளா? அப்போ முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சீட் கிடைக்குமா என்பது உங்க பிரச்னையே இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு முடியும்போது வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. நாலு வருஷம் கழிச்சு கையில் டிகிரி இருக்குமா, அரியர் இருக்குமா, வீட்டில் எவ்வளவு கடன் நிற்கும்... இதுதான் கேள்வி.

ஒரே மார்க் ஷீட், வேற வேற கணக்கு

உதாரணத்துக்கு ஒரு மார்க் ஷீட் எடுத்துக்குவோம். தமிழ் 75, ஆங்கிலம் 62, கணிதம் 56, இயற்பியல் 60, வேதியியல் 64, கணினி அறிவியல் 73. மொத்தம் 390.

பொறியியலுக்கு இந்த 390 எங்கேயும் பயன்படாது. கணித மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 56 + 30 + 32 = 118. இதுதான் 200-க்கு உங்க கட்-ஆஃப். அரசு கலை, அறிவியல் கல்லூரிக்குப் போனால் கணக்கு மாறும். மொழிப்பாடங்களை விட்டுட்டு மீதி நாலு பாடத்தையும் கூட்டணும். 400-க்கு 253. பி.ஏ தமிழ் என்றால் தமிழ் மார்க்கையும், பி.ஏ ஆங்கிலம் என்றால் ஆங்கில மார்க்கையும் பார்ப்பாங்க. ஆக, மொத்தத்தில் சுமாரா இருக்கிற ஒருத்தர், ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு நல்ல ரேங்கில் இருக்கலாம்.

இன்னொரு எண் இருக்கு. அது மார்க் ஷீட்டில் வராது. வருஷத்துக்கு வீட்டில் எவ்வளவு கட்ட முடியும்? இதை அப்பா, அம்மாவோட உட்கார்ந்து வெளிப்படையா பேசிடுங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம்பா" என்று அவங்க சொன்னாலும் விடாதீங்க. டியூஷன் ஃபீஸ் மட்டும் கணக்கு இல்லை. பஸ், ஹாஸ்டல், 'ட்ரெய்னிங் ஃபீஸ்' எல்லாம் இருக்கு. பஸ்ஸுக்கு மட்டும் வருஷம் 30,000 ரூபாய் என்று வெச்சுக்கோங்க. நாலு வருஷத்தில் 1,20,000 ஆயிடும்.

போன வருஷம் என்ன நடந்துச்சு?

118 வெச்சுக்கிட்டு எந்தக் காலேஜ் கிடைக்கும்? பக்கத்து வீட்டு அண்ணாவையோ, யூடியூப் தம்ப்நெயிலையோ கேட்க வேண்டாம். பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கல்லூரி வாரியா, பிரிவு வாரியா, சமூகப் பிரிவு வாரியா முந்தைய வருஷ கட்-ஆஃப் இருக்கு. அதில் உங்க பிரிவுக்கான பத்தியை மட்டும் பாருங்க. பி.சி-க்கு முடிஞ்ச கட்-ஆஃப் வேற, எம்.பி.சி-க்கு வேற, எஸ்.சி-க்கு வேற. உங்க எண்ணுக்கு 10 மேலே, 15 கீழே வரைக்கும் இருக்கிற கல்லூரிகளை ஒரு நோட்டில் எழுதினாலே பாதி வேலை முடிஞ்சது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிச்சவங்க 7.5 சதவிகித ஒதுக்கீட்டுக்கான பட்டியலைத் தனியா பார்க்கணும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏத்துக்குது.

சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் கொடுக்கலாம். ஆனாலும், பத்துப் பதினைஞ்சு பெரிய பெயர்களை மட்டும் போட்டுட்டு, எதுவுமே அலாட் ஆகாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுறவங்க உண்டு. கிடைக்காத கல்லூரியை மேலே போடுறதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. லிஸ்ட்டின் கீழ்ப்பகுதி காலியா இருந்தால்தான் ஆபத்து. 'கிடைக்கும்' என்ற வரிசையில் போடாமல், 'எனக்குப் பிடிச்சது' வரிசையில் போடுங்க. நிச்சயமா கிடைக்கும் என்பதைக் கடைசியில் நாலைஞ்சு வைங்க. சேரவே விரும்பாத கல்லூரியை மட்டும் சும்மா போட்டு வைக்காதீங்க. அதுவே அலாட் ஆயிட்டா தலைவலி!

ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் மெக்கானிக்கல், சிவிலுக்கும் கட்-ஆஃப் பெரிய அளவில் இடிக்கும். 'ஏ.ஐ' என்று பெயர் ஒட்டின புதுப் பிரிவு ஒரு சுமாரான காலேஜிலும், ட்ரிபிள்-ஈ ஒரு நல்ல காலேஜிலும் கிடைக்குதுன்னா, என் ஓட்டு ட்ரிபிள்-ஈக்குத்தான். புதுப் பிரிவுக்குப் பாடம் எடுக்க ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சுப் பாருங்க, புரியும்.

கணக்குல 56... இன்ஜினீயரிங் வேணுமா?

கொஞ்சம் கசப்பான கேள்விதான். பொறியியலில் முதல் வருஷமே கணிதம் வந்து நிற்கும். பள்ளியில் கணக்கு வராததுக்கு ஆசிரியர் இல்லாதது, உடம்பு சரியில்லாததுன்னு காரணம் இருந்தால் சமாளிச்சிடலாம். கணக்குன்னாலே ஓடுற ஆள் என்றால், 'சீட் கிடைக்குதே' என்பதற்காகச் சேராதீங்க.

பி.சி.ஏ., பி.காம்., பொருளாதாரம், புள்ளியியல், காட்சித் தொடர்பியல்னு மூணு வருஷப் படிப்புகள் இருக்கு. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். கட்டணமும் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. பி.காமுக்குக் கூட்டம் அதிகம். வரலாறு, பொருளாதாரத்துக்கு அவ்வளவு போட்டி இல்லை. டி.என்.பி.எஸ்.சி குரூப் 2-தான் கனவு என்றால், பெரும்பாலான பணிகளுக்கு ஏதோ ஒரு டிகிரி போதும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியா விண்ணப்பிக்கணும். அங்கே கவுன்ட்டரில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இந்த சீட் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி மாதிரி பழைய கல்லூரிகளில் ரெண்டு பிரிவுமே உண்டு. ஒரே கேம்பஸ்தான், கட்டணம் மட்டும் வேற.

பாலிடெக்னிக்கை ஏன் யாரும் சொல்றதில்லைன்னு தெரியலை. அறிவியல் பிரிவில் ப்ளஸ் டூ முடிச்சவங்க டிப்ளமோவில் நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம். ரெண்டு வருஷத்தில் டிப்ளமோ. அதுக்குப் பிறகு பி.இ-யிலும் நேரடியா ரெண்டாம் வருஷம். மொத்தம் அஞ்சு வருஷம். நேரா பி.இ சேர்ந்தவரைவிட ஒரே ஒரு வருஷம் அதிகம். நடுவில் பணம் தட்டுப்பட்டாலும் கையில் டிப்ளமோ இருக்கும். அதை வெச்சு வேலைக்கும் போகலாம்.

தனித் திறமை உள்ளவங்களுக்குத் தனிக் கதவுகள் இருக்கு. சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கு சிப்பெட், சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி தேர்வு எழுதணும். அதுக்கான விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். ப்ளஸ் டூ போறவங்க இப்பவே குறிச்சு வைங்க.

காலேஜுக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க

பிரவுச்சரை நம்பாதீங்க. வேலை நாளில் போங்க. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிற ரெண்டாம் வருஷப் பசங்ககிட்ட கேளுங்க: "அண்ணா, கிளாஸ் ஒழுங்கா நடக்குதா? லேப்ல நீங்களே செய்வீங்களா, பார்க்கத்தான் விடுவாங்களா?" '100% பிளேஸ்மென்ட்' போர்டைக் காட்டினா, உங்க பிரிவில் எத்தனை பேர் படிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, நடுத்தரச் சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க. போஸ்டரில் இருக்கிற பெரிய சம்பளம் ஒரே ஒருத்தர் வாங்கினதா இருக்கலாம். தன்னாட்சி இல்லாத பொறியியல் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுது. அதில் 30 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கிற கல்லூரியை, கட்டடம் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், லிஸ்ட்டிலிருந்து அடிச்சிடுங்க.

போனில் வர்ற ஏஜென்ட்டுக்கு வருவோம். கலந்தாய்வில் காலியா கிடக்கிற அதே காலேஜ் சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவில் கூடுதல் காசுக்குத் தள்ளிவிடுறதும் நடக்குது. "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கொடுத்துடுங்க" என்றால் எழுந்து வந்துடுங்க. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்களிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி விதி. சரிபார்த்துட்டுத் திருப்பித் தரணும். ஒரிஜினல் அவங்க கையில் மாட்டிக்கிட்டால், கலந்தாய்வில் நல்ல இடம் கிடைச்சாலும் நகர முடியாது.

குடும்பத்தில் நீங்கதான் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும்போது கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படிச்சவங்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்கும். சாதி, வருமான, முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிடுங்க. ரிசல்ட் வந்த வாரத்தில் போனால், டோக்கன் வாங்கவே ஒரு நாள் ஆயிடும்.