பசி ஐந்து வருடம் காத்திருக்குமா?

கணவன் இறந்து போனால் ஊரே கூடி அழுகிறது. அதே கணவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனால், "இவ வாய் சும்மா இருந்திருந்தா அவன் ஏன் போறான்?" என்று பெண்ணையே குறை சொல்கிறது. ஊர்தான் அப்படி என்றால், அரசு உதவித்தொகை விதிகளும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதுதான் என் ஆதங்கம்.

நம் தமிழகத்தில் ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975ல் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986ல்தான் வந்தது. 2011ல் மாதம் 1,000 ரூபாயாகவும், 2023ல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டி, "மாத்திரைக்கும் பாலுக்கும் யாருகிட்டயும் கை நீட்ட வேணாம்மா" என்று நிம்மதியாகச் சொல்வார்.

ஆனால் விதிகளைப் பாருங்கள். விதவை என்றால் 18 வயது ஆகியிருந்தாலே மனு போடலாம். கைவிடப்பட்டவள் என்றால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு கணவன் விட்டுப்போய் 5 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி பிரிந்ததற்குக் கோர்ட் சான்று வேண்டும். மத்திய அரசின் விதவை ஓய்வூதியத்திலோ கைவிடப்பட்டவர்களுக்கு இடமே இல்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு 27 வயது, இரண்டு பிள்ளைகள். வெளியூர் வேலைக்குப் போன கணவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மூன்று வருடமாகிறது. மனு கொடுக்கப் போனவளை, "வயசும் ஆகலை, வருஷமும் ஆகலை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அந்தாளு செத்திருந்தா கிடைச்சிருக்குமாம்க்கா" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

2023ல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோதும் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான் என்றார்கள். இவள் பெயர் அம்மா வீட்டு கார்டில் இருந்தது. அம்மாவுக்குக் கிடைத்தது, இவளுக்கு இல்லை.

"விதியைத் தளர்த்தினால், புருஷன் கூடவே இருந்துகொண்டு பொய் சொல்லி வாங்குவார்களே" என்கிறார் என் வீட்டுக்காரர். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் ஒருத்தி தனியாக இருக்கிறாளா இல்லையா என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாதா? சுய உதவிக் குழுப் பெண்களையும், அங்கன்வாடி ஊழியரையும் விசாரித்தால் ஒரே நாளில் உண்மை வந்துவிடும். ஒரு வருடம் ஆனதுமே கொடுத்துவிட்டு, பிறகு வருடா வருடம் சரிபார்க்கட்டும். கணவன் திரும்பி வந்தால் நிறுத்தட்டும். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதுதான் பணம் தேவை. அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் வந்து என்ன பயன்?

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை சகோதரிகளே! விட்டுப்போன கணவனிடம் ஜீவனாம்சம் கேட்க 5 வருடம் காத்திருக்க வேண்டாம். முன்பு 125வது பிரிவு என்பார்களே, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 144வது பிரிவு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். இந்த விவரத்தை உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடமும், பூக்காரம்மாவிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

இறந்தவன் மனைவிக்கும் ஓடிப்போனவன் மனைவிக்கும் அரிசி ஒரே விலைதான், ஸ்கூல் நோட்டும் ஒரே விலைதான். பிறகு உதவியில் மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் தோழிகளே? எழுதுங்களேன்!

– ஒரு வாசகி, திண்டிவனம்.