ஐந்தே கால் மணி ரோடு

திங்கட்கிழமை ஒன்றும் நடக்காது. தாம்பரம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஞாயிறு ஓட்டிய ஓட்டில் தொடை கனத்துக் கிடக்கும். செயினில் அப்பிய மணலைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அன்றைய வேலை முடிந்தது. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்: ‘நாளைக்கு யார் யார்?’ கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். பத்து விரல் விழுந்தால் காலையில் ஆறு பேர் நிற்பார்கள். மிச்சம் நான்கு பேர் எட்டு மணிக்கு ‘ஸாரி ப்ரோ’ போடுவார்கள்.

சென்ற இதழில் இந்தத் தொடர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் புகுந்து வந்தது. அங்கே ஓர் ஓரத்தில் சாய்ந்து நின்ற பழைய சைக்கிள்களே இந்த வாரத்துக்கு வழிகாட்டின. சென்னையில் சைக்கிள் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், டபிள்யூ.சி.சி.ஜி. என்று பெரிய அமைப்புகள் உண்டு. பழைய கோயில்களையும் கட்டடங்களையும் தேடிப் போகிற சைக்கிளிங் யோகிஸ் உண்டு. இவற்றுக்கு வெளியே, பதிவும் இல்லாமல் தலைவரும் இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவையே ஆபீஸாக வைத்துக்கொண்டு பத்திருபது பேர் சேர்ந்து ஓட்டுகிற சிறு கூட்டங்கள் புறநகர் முழுக்க இருக்கின்றன. அப்படி ஒன்றின் ஆடி மாத வாரம் இது. வங்கியில் ஓய்வு பெற்றவர் ஒருவர், சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் மூவர், பள்ளி ஆசிரியை ஒருவர், மெடிக்கல் ஷாப்காரர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். இவ்வளவுதான் நிரந்தர உறுப்பினர்கள். மற்றவர்கள் அமாவாசை, பௌர்ணமி.

செவ்வாய்க்கிழமை, காலை 5.15. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை. பாய்லர் அப்போதுதான் சூடேறுகிறது. சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை என்றால் வங்கிக்காரர் ஆளைச் சேர்க்க மாட்டார். “லைட் இல்லாம வந்தா டீயோட சரி” என்பது அவருடைய சட்டம்.

ஏன் ஐந்தே கால்? ஆடியில் சூரியன் எழுவதே ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னால்தான். இருட்டில் ஏன் கிளம்ப வேண்டும்? விடை ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது. ஆறரைக்கு மேல் அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. பல இடங்களில் எட்டு வழியாக அகன்றுவிட்ட சாலை அது. அந்த எட்டில் ஒன்றுகூட மிதிப்பவனுக்கு இல்லை. இடது ஓரம் பஸ் நிறுத்தம், ஷேர் ஆட்டோ, எதிர்த் திசையில் வரும் பைக் ஆகிய மூன்றுக்கும் சொந்தம். 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் தனி மாநகராட்சியானதே 2021 நவம்பரில்தான். சாலையில் கிடைக்காத தடத்தை இவர்கள் கடிகாரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தே காலிலிருந்து ஆறரை வரை ரோடு இவர்களுடையது.

இவர்களுடையது மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் என்று போகிற செவ்வாய்க்கிழமைச் சுற்றில் எதிரே வருகிறவர்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். பேப்பர் கட்டைக் கேரியரில் ஏற்றிய பையன்கள், இடியாப்பக்காரர், இரவு டூட்டி முடித்து வீடு திரும்பும் செக்யூரிட்டி. எல்லோரும் சைக்கிள்தான். செக்யூரிட்டி ஓட்டுவது கியர் இல்லாத கறுப்பு ஹெர்குலிஸ். 1949-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் பிறந்து, அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வெளிவரத் தொடங்கியது. நாடு முழுக்கப் பால்காரரையும் தபால்காரரையும் சுமந்த வண்டி அது. ஹெல்மெட்காரர்கள் கையைத் தூக்குகிறார்கள். செக்யூரிட்டி மணியை ஒரு தட்டுத் தட்டுகிறார். அவர் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்பது எந்த ஆப்பிலும் ஏறுவதில்லை. அவரையும் கணக்கில் சேர்த்தால் இந்தக் குழுவில் பலருடைய வாரக் கணக்கு கொஞ்சம் வெட்கப்படும்.

நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. அகரம்தென் தாண்டினால் தெருவுக்கு ஒரு படை. வேகமாக மிதித்தால் துரத்தும். காலைத் தூக்கினால் இன்னும் துரத்தும். ஆசிரியை கண்டுபிடித்த வைத்தியம், இறங்கிவிடுவது. சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, “போ வீட்டுக்கு” என்று வகுப்பறைக் குரலில் ஓர் அதட்டல். சைக்கிள் ஓடாமல் நின்றதும் நாய்க்கே சுவாரசியம் போய்விடுகிறது.

புதன், வேலை நாள். யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை வேகத்துக்கு. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலையில் போய்த் திரும்புவது. வளைவு குறைவு, சிக்னல் குறைவு, தார் வழவழப்பு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ரோட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் வீடுகள் தாழ்ந்து தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு இந்தத் தெருக்களுக்குள் புகுந்தபோது படகு ஓடியது. கல்லூரிப் பையன்களுக்கு அது சின்ன வயது ஞாபகம். மெடிக்கல் ஷாப்காரர் மட்டும் அந்த இடத்தில் மிதிப்பதைக் கொஞ்சம் குறைக்கிறார்.

அன்றைக்கு அவருக்குத்தான் பஞ்சர்.

வெளிவட்டச் சாலையில் ஆணியும் முள்ளும் அபூர்வம். வில்லன் வேறு ஆள். லாரிகளின் ரேடியல் டயர் வெடித்தால் உள்ளே பின்னியிருக்கும் எஃகு இழைகள் ஓரமெல்லாம் சிதறும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், கண்ணுக்கே தெரியாது. டியூபைக் கழற்றிப் புதியது மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிற புதியவர்கள், ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் திரும்பவும் உட்காருவார்கள். இழை டயரிலேயே குத்திக்கொண்டு காத்திருக்கும். வங்கிக்காரர் அதற்கென்றே பையில் ஒரு பஞ்சு உருண்டை வைத்திருக்கிறார். டயரின் உட்பக்கத்தில் பஞ்சை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுகிறார். ஓரிடத்தில் பஞ்சின் ஒரு நூல் சிக்கி நீள்கிறது. அங்கே ஊக்கை நுழைத்து நெம்பினால், அரை அங்குலம்கூட இல்லாத கம்பி ஒன்று வெளியே வருகிறது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டுகிறார், டாக்டர் கல்லை எடுத்துக் காட்டுகிற மாதிரி.

அடுத்த சிக்கல் காற்று. இந்த வகை சைக்கிளின் வால்வு பென்சில் முனைபோல ஒல்லியானது; நம் ஊர்க் கடைப் பம்பு அதன் வாயில் உட்காராது. அதற்குப் பித்தளையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மூடி விற்கிறார்கள். அதைத் திருகினால்தான் ஸ்கூட்டர் வால்வு மாதிரி ஆகும். அது வீட்டில் இருக்கிறது. ஆகவே கைப்பம்பு. 28 மி.மீ. டயருக்கு 80 பவுண்டு அழுத்தம் ஏற்ற, முழ நீளம்கூட இல்லாத பம்பை நூறு தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். ஐம்பதில் ஒரு பையன் கைமாற்றிக்கொடுக்கிறான். அடித்து முடிக்கும்போது மணி ஆறரை. ரோடு கைமாறிவிட்டது, டிப்பர் லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. அன்றைய வேகக் கணக்கை யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் பேச்செல்லாம் ‘பிரெவே’ பற்றி. 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் சவால் சவாரி அது. 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. முதல் பரிசெல்லாம் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் எல்லோரும் சமம். சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் இவற்றை நடத்துகிறார்கள். இந்த மரபின் மூத்த சவாரி, பிரான்சில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம், நான்கு வருடத்துக்கு ஒரு தடவை. ஐ.டி. இளைஞர்களில் ஒருவருக்கு 2027-ல் அங்கே போக ஆசை. “மொதல்ல பம்பு மூடிய மறக்காம எடுத்துட்டு வா ப்ரோ” என்கிறார் மெடிக்கல் ஷாப்காரர்.

வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை புதியவர்களுக்கு.

புதியவர்கள் என்றால் ஓட்டத் தெரியாதவர்கள் அல்ல, விட்டுப்போனவர்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு 2001-02-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-ல் அரசுப் பள்ளி பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அன்று அந்தச் சைக்கிளை வாங்கியவர்களுக்கு இன்று முப்பத்தைந்து வயதை ஒட்டியிருக்கும். கல்லூரி, வேலை, பைக், கார் என்று ஏறிப் போய், சர்க்கரை அளவு பார்த்த பிறகு திரும்ப சைக்கிளுக்கு வருகிறார்கள். கால் மறக்கவில்லை, உட்காரும் இடம்தான் வலிக்கிறது. பெண்கள் ஒருத்தர் இருவராக வருகிறார்கள். புதுக்கோட்டையில் 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அது எழுத்தறிவோடு சேர்ந்து வந்த விடுதலை. தாம்பரத்துப் பெண்களுக்குத் தடை வேறு மாதிரி: ஐந்து மணிக்குக் கிளம்பினால் டிபன் யார் செய்வது? ஆசிரியை முந்தைய இரவே மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு வருகிறார். ஆண்கள் யாரும் மாவைப் பற்றிப் பேசி இந்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை.

சனிக்கிழமைச் சவாரி சானடோரியம் வழியாகத் திரும்புகிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்கு இங்கே மருத்துவமனை கட்டியது, அந்நாளில் இந்தப் பக்கம் காற்று நன்றாக இருந்ததால். ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். மூச்சை இழுத்துவிட அங்கே நிற்கிறவர்கள் முகத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் முதல் புகை அடிக்கிறது.

ஞாயிறு. மாமல்லபுரம் போய் வர, ஏறக்குறைய 100 கி.மீ.

வண்டலூரில் இடது பக்கம் திரும்பி கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம். உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் கோவளம். அங்கிருந்து ஈ.சி.ஆர். 2021-ல் முதல்வர் ஸ்டாலின் இதே ரோட்டில் சைக்கிள் ஓட்டிய படங்கள் வந்தபோதும், அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு நீண்ட தூரம் ஓட்டிய செய்திகள் வந்தபோதும், சைக்கிள் வாங்கியவர்கள் இந்தக் குழுவிலேயே இருவர். போகும்போது எல்லோருக்கும் தான் ஒரு சாம்பியன் என்று தோன்றும். மணிக்கு 30 கி.மீ. சர்வசாதாரணமாக வரும். காரணம் கால் அல்ல, காற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில் காலைக் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுத் திரும்பினால் சைக்கிள் நகராது.

கணக்கு எளிது. 25 கி.மீ. வேகத்தில் போகிறவரை 15 கி.மீ. எதிர்காற்று அடித்தால், நெஞ்சில் படுவது 40 கி.மீ. காற்று. தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், காற்றில்லாத நாளைப் போல இரண்டரை மடங்கு. இங்கேதான் குழு என்பதற்கு அர்த்தம் வருகிறது. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர். முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிக்க, மற்றவர்கள் அந்த மறைவில். நெதர்லாந்தின் ஐந்தோவனைச் சேர்ந்த பெர்ட் பிளோக்கன் குழு 2018-ல் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தது. நடுவில் இருப்பவருக்குத் தனியாக ஓட்டுகிறவர் வாங்கும் தடையில் 5 முதல் 10 சதவீதமே கிடைக்கிறது என்று கண்டது. எட்டுப் பேர் வரிசையில் அவ்வளவு மறைவு கிடைக்காது. ஆனாலும் இரண்டாவது இடத்துக்கு நகர்ந்த நொடியில் கால் அதைச் சொல்லிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் போக வேண்டும் என்பது விதி. 63 வயது வங்கிக்காரரைப் பையன்கள் முன்னால் விடுவதில்லை. அவர் சண்டை போட்டு வந்து மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் பின்னால் போகிறார். “பள்ளம்!” “ஸ்பீடு பிரேக்கர்!” என்று கூவல் வரிசையில் பின்னோக்கி ஓடுகிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னவர் முதுகு மட்டும்.

நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும். அதுவரை மாமல்லபுரத்திலேயே உட்கார்ந்திருந்தால் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. வெயிலையும் வீட்டையும் நினைத்து யாரும் செய்வதில்லை.

மாம்பாக்கம் பக்கம் ஓர் அம்மன் கோயில். வேப்பிலைத் தோரணம், குழாய் ஸ்பீக்கர், அண்டா நிறையக் கூழ். யாரும் நிற்கச் சொல்லவில்லை; எட்டு சைக்கிளும் தானாக நின்றன. கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும். கூடவே கருவாட்டுக் குழம்பு. சத்து மாவு, எலக்ட்ரோலைட் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறவர்கள் சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள்.

கூழ் ஊற்றிய பெரியவர், வேப்ப மரத்தில் சாய்த்திருந்த சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். எடையில்லாததில் திருப்தி இல்லை. பெல்லைத் தேடினார், கேரியரைத் தேடினார், மட்கார்டு இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டுப் பார்த்தார்.

“என்ன விலை தம்பி இது?”

பையன் குறைத்துத்தான் சொன்னான்.

“அவ்ளோ குடுத்தும் ஒரு ஸ்டாண்டு குடுக்கலையா?”

பதில் யாரிடமும் இல்லை. ஆசிரியை இரண்டாவது சொம்பு வாங்கிக்கொண்டார். தோரணத்து வேப்பிலையெல்லாம் கிழக்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. தாம்பரம் இன்னும் 20 கி.மீ. சொச்சம்.

(தொடரும்)