மலைகளைத் தாண்டும் குரல்

பிரிவுத் துயரின் ஆழத்தை அறிய யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஒன்றே போதும். அருமை மகனார் யூசுஃப் (அலை) அவர்களை எண்ணி எண்ணி அழுது, அவர்களின் கண்கள் ஒளியிழந்தன. ஆண்டுகள் பல உருண்டோடிய பின், எகிப்திலிருந்து வந்த மகனாரின் சட்டை முகத்தில் இடப்பட்டதும் பார்வை மீண்டது. அப்போது மகனார் நேரில் வரவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கான அடையாளமே வந்தது. தொலைவில் வாடும் உள்ளத்திற்கு உறவின் அடையாளம் ஒன்று வந்து சேருவது எத்துணைப் பெரிய மருந்து என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அத்தகைய மருந்தைக் காற்றின் வழியே அனுப்பி வரும் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அது இருப்பது அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில், கெண்டக்கி மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள வைட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில்.

பிறர் சொன்ன கதை

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களே நம் கண்முன் தோன்றும். ஆனால் இம்மலைப்பகுதி அந்நாட்டின் வறுமை மிக்க பகுதிகளுள் ஒன்று. பூமிக்கடியில் நிலக்கரி நிறைந்திருந்தது. அதை வெட்டியெடுத்த நிறுவனங்கள் செழித்தன. வெட்டிய தொழிலாளியின் நுரையீரலோ கரித்தூளால் நிறைந்தது.

1964-இல் அமெரிக்க அரசு வறுமைக்கு எதிரான போரை அறிவித்தபோது, படக்கருவிகளோடு வெளியாட்கள் பலர் இம்மலைகளை நோக்கிப் படையெடுத்தனர். கிழிந்த உடையும் இடிந்த குடிசையும் நாடெங்கும் காட்டப்பட்டன. அம்மக்களின் பாட்டும் உழைப்பும் பக்கத்து வீட்டாரைத் தாங்கும் பண்பும் காட்டப்படவில்லை. 1967-இல் ஹியூ ஓகானர் என்ற கனடா நாட்டுத் திரைப்படக் கலைஞர் இங்கு ஒரு வாடகை வீட்டினரைப் படமெடுத்துக் கொண்டிருந்தபோது, அவ்வீட்டின் உரிமையாளரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையை நியாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. எனினும், தம்மைப் பற்றிப் பிறர் மட்டுமே பேசும் நிலையில் ஒரு மக்கள் கூட்டத்தின் உள்ளத்தில் எத்துணைக் கசப்பு ஊறிவிடுகிறது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

பத்திரிகையின் ஒரு மூலையில் தம் சமுதாயத்தைப் பற்றித் தவறாக எழுதப்பட்டதைப் படித்து மனம் நொந்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

தம் கதையைத் தாமே சொல்ல

அக்கசப்புக்கு மாற்று, துப்பாக்கியன்று. தம் கதையைத் தாமே சொல்லும் ஆற்றலே. 1969-இல் வைட்ஸ்பர்கில் உள்ளூர் இளைஞர்களுக்குத் திரைப்படக் கலையைக் கற்பிக்கும் பயிற்சிக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்பல்ஷாப் என்ற பெயரில் அது வளர்ந்தது. ஓகானர் கொலையுண்ட வரலாற்றையே அம்மண்ணின் மகளான எலிசபெத் பாரெட், இந்நிறுவனத்தின் மூலம் 2000-ஆம் ஆண்டில் ஆவணப்படமாக்கினார்.

இதே நிறுவனம் 1985-இல் தொடங்கியதுதான் டபிள்யூ.எம்.எம்.டி. என்னும் மக்கள் வானொலி. எஃப்.எம். ஒலியலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலை வந்தால் அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் கேட்பது அரிது. அதனால் உயரமான இடத்தில் கோபுரம் அமைத்துத்தான் ஒலிபரப்ப வேண்டும். அவ்வாறு எழும் ஒலி கெண்டக்கியோடு நில்லாமல், அண்டை மாநிலமான வர்ஜீனியாவின் மலையூர்களையும் எட்டுகிறது. நிகழ்ச்சிகளை நடத்துவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத உள்ளூர்த் தொண்டர்கள். முதியோரின் நினைவுகள், மலைநாட்டுப் பாடல்கள், சுரங்கத் தொழிலாளரின் பிணி, குடிநீரின் கேடு என, அம்மக்களின் வாழ்வே அவர்களின் நிகழ்ச்சி.

திங்கட்கிழமை இரவு

நிலக்கரித் தொழில் நலிந்தபோது, வேலைவாய்ப்பு என்ற பெயரில் இம்மலைகளுக்குச் சிறைச்சாலைகள் வந்தன. வர்ஜீனியாவின் வைஸ் மாவட்டத்தில் 1998-இலும் 1999-இலும் ரெட் ஆனியன், வாலன்ஸ் ரிட்ஜ் எனும் கடுங்காவல் சிறைகள் இரண்டு திறக்கப்பட்டன. அங்கு அடைக்கப்பட்டோரில் பலர் தொலைதூர நகரங்களைச் சேர்ந்த கறுப்பின மக்கள். தலைநகர் ரிச்மண்டிலிருந்து மகனைக் காண வரும் தாய், ஆறேழு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். தொலைபேசியில் பேசலாமென்றால் அன்று கட்டணமோ ஏழைகளால் தாங்க முடியாததாக இருந்தது.

அக்காலத்தில் இவ்வானொலியில் நகர்ப்புற இளைஞரின் இசை நிகழ்ச்சி ஒன்றும் ஒலிபரப்பாகி வந்தது. அதைச் செவியுற்ற சிறைவாசிகளிடமிருந்து கடிதங்கள் வரலாயின. மலையில் தம்மைச் சுற்றி வாழும் புதிய அண்டை வீட்டார் யார் என்பதை நிலையத்தார் அப்போதுதான் உணர்ந்தனர். அதிலிருந்து பிறந்தது, 'வீட்டிலிருந்து அழைப்புகள்' என்னும் நிகழ்ச்சி.

திங்கட்கிழமை மாலையில் குடும்பத்தார் நிலையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைப்பர். அவர்கள் பேசுவது பதிவு செய்யப்பட்டு, அன்றிரவே ஒலிபரப்பாகும். சிறைக்குள் இருப்பவன் தன் சிறு வானொலிப் பெட்டியில் அதைக் கேட்பான். தாய் மகனை வாழ்த்துகிறாள். மனைவி வீட்டு நிலவரம் கூறுகிறாள். குழந்தை தான் படித்த பாடத்தை ஒப்பிக்கிறது. கேட்பவன் பதில் பேச இயலாது. ஆயினும், தன் பெயர் காற்றில் ஒலிப்பதை அவன் கேட்கிறான். தனக்கென எவரும் அழைக்காதவனும் பிறர் வீட்டுத் தாயின் குரலைக் கேட்டு ஆறுதல் அடைகிறான். இருபதாண்டுகளுக்கும் மேலாக இப்பணி நடந்து வந்திருக்கிறது.

தொலைபேசிக் கட்டணக் கொடுமைக்கு எதிராக வாஷிங்டன் நகரில் மார்த்தா ரைட் என்ற பார்வையிழந்த மூதாட்டி போராடினார். சிறையிலிருந்த பேரனோடு பேச வழி கேட்டு, 2003-இல் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 2013-இல்தான் மாநிலம் விட்டு மாநிலம் பேசும் சிறை அழைப்புகளுக்கு ஆணையம் உச்சவரம்பு விதித்தது. அவரது பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானபோது, அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

வெள்ளமும் மீட்சியும்

2022 ஜூலை இறுதியில் கிழக்குக் கெண்டக்கியில் பெருவெள்ளம் ஏற்பட்டு, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வைட்ஸ்பர்கில் ஆற்றுநீர் அப்பல்ஷாப் கட்டடத்தினுள் புகுந்தது. வானொலிக் கருவிகள் பாழாயின. பல்லாண்டுகளாகச் சேகரித்த ஒலிநாடாக்களும் படச்சுருள்களும் சேற்றில் மூழ்கின. ஒரு மக்களின் நினைவே நனைந்து கிடந்தது எனலாம். ஆனால் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. நாடாக்களை எடுத்துத் தூய்மைப்படுத்தி மீட்கும் பணியில் இறங்கினர்; பயண வாகனம் ஒன்றையே நிலையமாக்கி ஒலிபரப்பைத் தொடர்ந்தனர்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் இதற்கு வழி உண்டு. ஒலியலைகள் பொதுமக்களின் சொத்து என 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலிகள் உள்ளன. உத்தரகாண்டின் மலையூர்களில் ஹென்வல்வாணி என்ற இளைஞர் குழு, உரிமம் கிடைப்பதற்கு முன்பே, 2001 முதல் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து மக்களைக் கூட்டிப் போட்டுக் காட்டிற்று.

நிலையம் அமைப்பது எல்லோராலும் இயலாது. ஆயினும் அதன் உட்பொருளை ஒவ்வொரு வீடும் கைக்கொள்ளலாம். செவியால் கேட்டு, நெஞ்சில் இருத்தி, பிழையின்றிப் பிறருக்கு எடுத்துரைத்த தூயவர்களால் அல்லவா நபிமொழிகள் நம்மை வந்தடைந்தன? அத்தகைய மரபின் வாரிசுகளாகிய நாம், நம் வீட்டு நன்னிமாரின் தாலாட்டையும், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறோமா? கைப்பேசி இல்லாத வீடில்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை. பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைப்பதும் அவசியம் என்பதை வைட்ஸ்பர்க் வெள்ளம் நமக்குக் கற்பிக்கிறது.

அதனினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. பசித்தவருக்கு உணவளித்தல், நோயாளியை நலம் விசாரித்தல் ஆகியவற்றோடு, சிறைப்பட்டவரை விடுவித்தலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்தே ஏவினார்கள். நம் மஹல்லாக்களில் ஒருவர் சிறை சென்றுவிட்டால், அவர் வீட்டை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? வாசலில் நின்று பேசியவர்கள் தெரு மாறிப் போகிறார்கள். திருமண அழைப்பிதழ் அந்த வீட்டை மட்டும் விட்டுச் செல்கிறது. மகன் செய்தது குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அவனைப் பெற்ற தாய் செய்த குற்றம் என்ன? பள்ளிக்குச் செல்லும் அவன் பிள்ளை செய்த பாவம் என்ன?

முன்பின் அறியாதவர்களின் தாய்மார்களுக்காக ஒரு மலையூர் வானொலி வாரந்தோறும் தன் நேரத்தை ஒதுக்கியது. இரத்த உறவைப் பேணுவதை ஈமானின் அடையாளமாகக் கற்ற நாம், அடுத்த தெருவில் வாடும் ஒரு குடும்பத்திற்காக வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்க இயலாதா? அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். மகனுக்கு எழுதத் தெரியாத தாய்க்குக் கடிதம் எழுதிக் கொடுங்கள். சிறைக்குச் சென்று காண வழிச்செலவு இல்லையெனில், ஜமாஅத்தில் எடுத்துச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

உறவுகளைச் சேர்த்து வைப்போராக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.