பழைய புல்லட்டின் பாரம்

1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டைப் புதுக்க முற்படும் காப்பார் இளைஞர், பாரம் குறைக்கவென்று முதலில் கழற்றுவது மட்கார்டையே. இருக்கையருகே குறையும் ஒரு கிலோ, ஒரு கிலோதான். சக்கர விளிம்பில் குறைவதோ, வேகமெடுக்கையில் ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம். விளிம்பு முன்செல்வதோடு சுழலவும் வேண்டுமன்றோ? எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்துக்கு 2.7. விறைப்பு மூன்றில் ஒரு பங்கேயாதலால் அலுமினிய விளிம்பு தடித்திருக்கும். அப்படியும் எடை மிச்சமே.

பிரேமில் துளையிடுவது மட்டும் பேதைமை. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு துளையோரத்தில் விரிசலைத் தொடங்கும். ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து.

சைலன்சரை மாற்றியபின் எஞ்சின் திக்கினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகை. கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் மாற்றி ஓட்டிய பின்னரே பிறவற்றைத் தொடுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், குறையைத் தீர்த்தது எதுவெனத் தெரியாது.