மணலும் ஒளியும்

நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. அங்கு அலைகள் ஒதுக்கும் மணல் கருமையும் செம்மையும் கலந்து தோன்றும். அதனிடையே மஞ்சள் நிறச் சிறு மணிகளும் உண்டு. அவற்றிற்கு மோனசைட்டு என்று பெயர். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அதனை இனங்கண்டார். அணுவாற்றலுக்கு உதவவல்ல தோரியமும், சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் அதில் அடங்கியுள்ளன.

அருமண் தனிமங்கள் வேதியியற் பண்புகளில் உடன்பிறந்தார் போல ஒத்திருப்பவை. அவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிவது? இங்கே நமக்கு ஒளி துணைபுரிகிறது.

ஒரு பொருளை மின்வில்லின் கடும் வெப்பத்தில் ஆவியாக்கினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளி வீசும். அவ்வொளியைக் குறுகிய பிளவு ஒன்றின் வழியே செலுத்தி, வில்லையால் இணைகதிர்களாக்கி, முப்பட்டகத்தின் மீதோ நுண்கோடுகள் செறிந்த கீற்றணியின் மீதோ விழச் செய்தால், நிறங்கள் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். ஒரு தனிமத்தின் கோடுகளின் வரிசை மற்றொன்றிற்கு அமைவதில்லை. மனிதரின் கைரேகை போன்றது அது.

இக்கோடுகள் அனைத்தையும் ஒருங்கே பதிவு செய்யும் கருவி நிறமாலை வரைவி எனப்படும். முற்காலத்தில் ஒளிப்படத் தகட்டில் பதித்தனர். இன்று மின்னணு உணரிகள் அவ்வேலையைச் செய்கின்றன. தகட்டிற்குப் பதிலாக மற்றொரு பிளவை வைத்து, ஒரே நிறத்தை மட்டும் வெளியே விடுவோமாயின், அஃது ஒருநிறமாக்கி ஆகும். கீற்றணியைத் திருப்பி வேண்டிய நிறத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றுள் எதனைத் தேர்வது? நம் வினாவே அதனை முடிவு செய்யும். ‘இம்மணலில் என்னென்ன உள்ளன?’ என்பது வினாவாயின், நிறமாலை வரைவி வேண்டும். ‘இக்கரைசலில் நியோடிமியம் எவ்வளவு?’ என்பது வினாவாயின், ஒருநிறமாக்கி ஏற்றது. நியோடிமியக் கரைசல் மஞ்சள் ஒளியில் ஒரு பகுதியை மிகுதியாக உட்கொள்ளும். அந்நிறத்தை மட்டும் கரைசலூடே செலுத்தி, ஒளி எவ்வளவு குறைந்தது என அளந்து, அளவு தெரிந்த கரைசலோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

பிளவின் அகலத்திலும் கருத்து வேண்டும். பிளவு குறுகினால் கோடுகள் தெளியும். ஆனால் ஒளி மங்கும். பிளவு அகன்றால் ஒளி மிகும். ஆனால் நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடும். சீரியத்தின் கோடுகளோ ஆயிரக்கணக்கானவை. அகன்ற பிளவால் அவற்றை நோக்குபவர், இல்லாத தனிமத்தை உண்டென்று முடிவு செய்யவும் கூடும். புறஊதா ஒளியை அளப்போர்க்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. அஃது அவ்வொளியைப் பெரிதும் தடுத்துவிடும். அவர்கள் படிகக்கல் முப்பட்டகத்தையோ கீற்றணியையோ நாடவேண்டும்.

மணலுக்குச் சொன்னது கதிரவனுக்கும் பொருந்தும். அதே 1909-ஆம் ஆண்டில், கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தார். அதன் கோடுகள் சிறிது இடம்பெயர்ந்திருந்தன. அதனால் அப்புள்ளியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை அவர் அறிந்தார். அங்கேயே மற்றொரு கருவி, கால்சியத்தின் ஒரு நிறத்தை மட்டும் தெரிந்தெடுத்து, சூரிய வட்டம் முழுவதையும் படம் பிடித்தது. கதிரவன் ஒன்றே, வினாக்கள் இரண்டு, ஆகவே கருவிகளும் இரண்டாயின.

மாணவர்களே, விலை உயர்ந்த கருவியே சிறந்த கருவி என எண்ணாதீர்கள். அறிய விரும்புவது யாது என்பதை முதலில் தெளியுங்கள். பிறகு கருவியைத் தேருங்கள்.